பெருநகரில் மூன்று நாள்

திருமணத் திருப்பலியில் மணமக்கள் இருவரும் வலக்கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் ஒருவருக்கொருவர் உண்மையாயிருப்பதாக வாக்களிக்கின்றனர். பீடத்தின் முன், குருவானவரும் உற்றாரும் பார்த்திருக்க, அவ்வாறு சேர்ந்த கைகள் அதன்பின் எத்தனை முறை சேர்கின்றன? கடற்கரையூர்களில் பிறந்து வளர்ந்த நம் தலைமுறையினர் பலருக்கு, அதுவே பலர் அறியக் கைபிடித்த முதல் நாளும் கடைசி நாளுமாக அமைந்துவிடுகிறது. பிறகு குடும்பம் வருகிறது, பிழைப்பு வருகிறது, பிள்ளைகள் வருகின்றனர். கைகளுக்கு வேறு வேலைகள் வந்துவிடுகின்றன.

இக்கட்டுரையை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஆதலால் 'நாங்கள்' என்றே சொல்லிச் செல்கிறோம். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் கணவர், மனைவி என்று குறிப்பிடுகிறோம். நாங்கள் தூத்துக்குடியில் திரேஸ்புரத்தைச் சேர்ந்தவர்கள். எங்களுள் கணவர் துறைமுகத்தில் ஷிப்ட் முறையில் வேலை பார்த்தவர். மனைவி தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஒருவர் இரவுப் பணி முடித்து வாசற்படி ஏறும் வேளையில் மற்றவர் குடையும் சோற்றுப் பாத்திரமுமாகப் படியிறங்குவார். வீட்டுச் சாவி கை மாறும். அரிசி முடிந்தது, இளையவனுக்குக் காய்ச்சல், பள்ளிக் கட்டணத்துக்கு நாளை கடைசி நாள் என்னும் செய்திகளும் கை மாறும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படிச் சென்றது.

இருவரும் பணி ஓய்வு பெற்றபின், பிள்ளைகளும் தத்தம் குடும்பங்களோடு வெளியூர் சென்றபின், வீட்டில் ஓர் அமைதி வந்து அமர்ந்தது. முதல் சில வாரங்கள் அது இனிமையாக இருந்தது. பின்னர் அது எங்களை அச்சுறுத்தத் தொடங்கியது. காலைக் காப்பிக்கும் மாலைச் செபமாலைக்கும் இடையே நாங்கள் பேசிக்கொண்ட சொற்களை எண்ணிவிடலாம். பிள்ளைகளின் பேச்சைக் கழித்துவிட்டால் எங்களுக்குள் பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லையோ என்னும் கேள்வியை இருவரும் தனித்தனியே மனத்தில் சுமந்தோம். வாய்விட்டுக் கேட்க இருவருக்கும் துணிவில்லை. அந்த அமைதியை உடைக்கத்தான் மும்பைப் பயணம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம் வேறு. எங்கள் கரையில் கதிரவன் கடலிலிருந்து எழுவான். அவன் கடலுக்குள் இறங்குவதை எங்கள் வாசலிலிருந்து காண இயலாது. மேற்குக் கடலையும், அக்கடலை நோக்கி நிற்கும் பாந்திரா மலை மாதாவையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவு செய்தோம்.

மும்பையில் எங்களுக்கு உறவினர் இல்லை. இருந்திருந்தால் அவர்கள் வீட்டில் மறுபடியும் பழைய நாங்களாகவே இருந்திருப்போம்; ஆடவர் கூடத்திலும் பெண்டிர் அடுக்களையிலுமாக நாள்கள் கழிந்திருக்கும். திருநெல்வேலிக்குச் சென்று நாகர்கோவில்–மும்பை விரைவு வண்டியில் ஏறினோம். ஒன்றரை நாளுக்கு மேற்பட்ட அப்பயணத்தில் சன்னலோர இருக்கையை மாற்றி மாற்றி அமர்ந்தோம். வண்டிக்குள் ஒலித்த தமிழ் நிலையத்துக்கு நிலையம் குறைந்துகொண்டே வந்தது. மும்பையில் இறங்கியபோது எங்கள் இருவரிடையே மட்டும் அது எஞ்சியிருந்தது.

வண்டி வந்து நின்ற சத்திரபதி சிவாஜி மகராஜ் நிலையம் சாதாரண நிலையமன்று. பிரடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1878-இல் தொடங்கிப் பத்து ஆண்டுகளில் எழுப்பப்பட்டது. விக்டோரியா அரசியின் பெயரைத் தாங்கி நின்றது. 1996-இல் மராட்டிய மாமன்னரின் பெயரைப் பெற்றது. 2004-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. கல்லில் செதுக்கிய மயில்களையும் இலைகளையும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். எங்கள் இருபுறமும் மக்கள் ஆற்றுநீர் கல்லைச் சுற்றிச் செல்வதுபோல் சென்றுகொண்டிருந்தனர். ஒருவரும் எங்களை இடிக்கவில்லை. ஒருவரும் எங்களைப் பார்க்கவுமில்லை. திரேஸ்புரத்தில் தெருமுனை வரை சென்று திரும்புவதற்குள் நான்கு பேர் "எங்கே போயிட்டு வாறிய?" என்று கேட்பார்கள். கேட்பாரற்ற இடத்தில் நிற்பது எங்களுக்குப் புதிது.

தாதர் நிலையத்துக்கு அருகில் ஒரு சிறு விடுதியில் அறை எடுத்துக்கொண்டோம். முதல் நாள் நகரத்தின் தென்முனைக்குச் சென்றோம். அங்கேதான் எங்கள் நடையின் சிக்கல் தெரிந்தது. எங்கள் ஊரில் கணவர் ஐந்தாறு அடி முன்னே நடப்பார். மனைவி பின்னே வருவார். கோயிலுக்குச் சென்றாலும் கல்யாண வீட்டுக்குச் சென்றாலும் அதுவே வழக்கம். பின்னால் வருபவர் வழியில் நால்வரோடு நின்று பேசினாலும் தவறுவதற்கு இடமில்லை. தெருவே கொண்டுவந்து சேர்த்துவிடும். மும்பையில் அந்த ஐந்தடி இடைவெளிக்குள் ஐம்பது பேர் புகுந்துவிடுகின்றனர். சாலையைக் கடக்கும்போது ஒருவர் இக்கரையிலும் மற்றவர் அக்கரையிலுமாக நின்றோம். இருமுறை அவ்வாறு நேர்ந்தபின், மூன்றாம் முறை, யார் முதலில் நீட்டினோம் என்று சொல்லத் தெரியாதபடி, கைகளைப் பிடித்துக்கொண்டோம். பார்ப்பவர் என்ன நினைப்பார்களோ என்று இருவருமே சுற்றிலும் பார்த்தோம். பார்ப்பவர் எவருமில்லை. அந்நியமான நகரம் எங்களுக்கு அளித்த முதல் கொடை அது.

இந்தியாவின் நுழைவாயிலின் கீழ் அமர்ந்து வேர்க்கடலை தின்றோம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911-இல் வந்திறங்கியதன் நினைவாக எழுந்த அவ்வாயில் 1924-இல் நிறைவுற்றது. பிரித்தானியப் படையின் கடைசிப் பிரிவு 1948 பிப்ரவரி 28 அன்று அதே வாயில் வழியாகவே வெளியேறியது. மனிதர் ஒன்றை நினைத்துக் கட்டுகின்றனர். வரலாறு அதை வேறொன்றுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. இந்த நகரமே ஒரு கல்யாணச் சீதனம் என்பதையும் அங்கேதான் பேசிக்கொண்டோம். 1661-இல் போர்த்துக்கீசிய இளவரசி காதரீனுக்கும் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கும் உறுதியான திருமண உடன்படிக்கையில் இத்தீவு சீதனமாகக் கொடுக்கப்பட்டது. 1668-இல் மன்னர் அதை ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் விட்டுவிட்டார். "எங்கப்பா போட்ட பத்துப் பவுனை நீங்க அடகு வச்ச கதை மாதிரில்லா இருக்கு?" என்றார் எங்களுள் மனைவி. மன்னரின் பவுன் பணம், அவருடையது தங்கம். ஆயினும் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த நகை அடகு கடைக்குச் சென்று திரும்பிய கதையை முப்பது ஆண்டுகளில் முதன்முறையாகச் சிரித்துப் பேசினோம்.

இரண்டாம் நாள் பாந்திராவுக்குப் புறப்பட்டோம். மும்பையின் புறநகர் மின்வண்டிகளில் பெண்களுக்கென்று தனிப்பெட்டிகள் உண்டு. இந்நாட்டில் பயணிகளுக்கான முதல் தொடர்வண்டி 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தானேவுக்கு ஓடியதும் இந்நகரத்திலேதான். இன்று அதன் வண்டிகளில் நெரிசல் வேளையில் ஏறுவதும் இறங்குவதும் தனிக் கலை. தாதரில் நின்ற விரைவு வண்டியில் மனைவி பெண்கள் பெட்டியிலும் கணவர் பொதுப் பெட்டியிலும் ஏறினோம். அடுத்த நிறுத்தமே பாந்திரா. இறங்கியதும் நடைமேடையில் சந்தித்துக்கொள்வதாக ஏற்பாடு. எங்களிடமிருந்த ஒரே கைப்பேசி கணவரின் சட்டைப்பையில் இருந்தது.

பாந்திராவில் மனைவி இறங்கினார். கணவர் இறங்க இயலவில்லை. உள்ளே ஏறிய கூட்டம் அவரைச் சுவரோடு அணைத்துவிட்டது, வண்டி நகர்ந்துவிட்டது. விரைவு வண்டி ஆதலால் இடையிலுள்ள நிலையங்களில் நிற்காமல் அந்தேரியில்தான் நின்றது.

அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி நாங்கள் பிறகு பலமுறை பேசியிருக்கிறோம். அந்தேரி நடைமேடையில் இறங்கிய கணவரின் மனத்தில் பட்டதெல்லாம் ஒன்றே: அவளுக்கு இந்தி தெரியாது, கையில் பேசியில்லை, விடுதியின் பெயர் நினைவிருக்குமா? நடைபாலத்தின் படிகளை இரண்டிரண்டாக ஏறி மறுபுறம் இறங்கி, திரும்பும் வண்டியைத் தேடினார். ஒருவேளை அவளும் அடுத்த வண்டியில் ஏறித் தம்மைத் தேடி வந்துகொண்டிருந்தால்? இரண்டு வண்டிகளும் நடுவழியில் ஒன்றையொன்று கடந்து சென்றால்? அப்போது அவருக்கு ஓர் உண்மை உறைத்தது. இந்நிலையில் தம் மனைவி என்ன செய்வார் என்று அவரால் கணிக்க முடியவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார் என்று தெரியும். தனியே நிற்க நேர்ந்தால் என்ன செய்வார் என்று தெரியாது.

மனைவி ஒன்றும் செய்யவில்லை. இறங்கிய இடத்திலேயே நின்றார். அவருடைய தந்தையார் முத்துக்குளித்தவர். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளித்தல் நடைபெற்ற 1961-ஆம் ஆண்டிலும் வள்ளத்தில் சென்றவர். குளியாள் கல்லின் பாரத்தோடு கடலடிக்கு இறங்கும்போது, அவனுடைய கயிறு மேலே வள்ளத்தில் ஒருவர் கையில் இருக்கும். அக்கயிற்றைப் பிடிப்பவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருப்பதே நல்லது என்று எங்கள் கரையில் சொல்லி வந்தனர். தன் தங்கையின் தாலி அக்கயிற்றில் இருப்பதை மறவாதவன் அல்லவா அவன்! கீழே இருப்பவன் மேலே வரும்வரை வள்ளம் இடம்பெயரக் கூடாது. சிறுமியாக இருந்தபோது தந்தை சொன்ன அந்தப் பாடம் பாந்திரா நடைமேடையில் அவருக்கு நினைவு வந்தது. மூழ்கியிருப்பவர் தாம் அல்லர், கணவர்தான் என்று அவர் முடிவு செய்துகொண்டார். ஆகவே தாம் வள்ளமாக நின்றாக வேண்டும்.

அவர் நின்ற இடத்துக்கு அருகில் ஒரு மீன்காரப் பெண்மணி கூடையை இறக்கி வைத்துவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்தார். மும்பையின் தொல்குடிகளாகிய கோலியரில் ஒருவர். கழுத்தில் சிறு சிலுவை தொங்கிற்று. மனைவியின் விரல்களுக்கிடையே செபமாலை ஓடுவதைக் கண்டு, அருகில் வந்து அமருமாறு சைகை காட்டினார். மொழியில்லை. கூடையின் மேல் மூடியிருந்த சாக்கை விலக்கி மீனைக் காட்டி "சுர்மை" என்றார். மனைவி "சீலா" என்றார். அவர் "பாப்லேட்" என்றார்; இவர் "வாவல்" என்றார். அவர் "பாங்டா" என்றார். இவர் "கானாங்கெளுத்தி" என்றார். அந்தப் பெயர்கள் முடிந்ததும் இருவரும் சிரித்துக்கொண்டு அமைதியாக அமர்ந்திருந்தனர். இரண்டு கடல்களின் பெண்கள், கரையில் காத்திருப்பதை இரண்டு கரைகளிலும் கற்றவர்கள்.

கணவர் வேறொரு நடைமேடையில் வந்து இறங்கி, பாலம் கடந்து, ஓடி வந்தார். முகத்தில் வியர்வை. கோபத்தோடுதான் பேசப் போகிறார் என்று மனைவி எண்ணினார். அவர் பேசவேயில்லை. அவருடைய கை நடுங்குவதை மனைவி பார்த்தார். "நீங்க வருவியன்னு தெரியும். அதான் எடத்த விட்டு அசையல" என்றார். கோலிப் பெண்மணிக்கு அந்தச் சொற்கள் விளங்கியிருக்க வழியில்லை. ஆயினும் அவர் எழுந்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஒரு கையால் சிலுவை அடையாளம் வரைந்துவிட்டு, கூட்டத்துள் மறைந்தார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டறியவில்லை.

பாந்திராவின் பழைய குடியிருப்புகளில் தெருமுனைதோறும் சிலுவைகள் நிற்கின்றன. 1896-இல் இந்நகரில் கொள்ளைநோய் பரவியபோது மக்கள் வேண்டிக்கொண்டு நாட்டியவை அவற்றுள் பல. எங்கள் ஊர்க் குருசடிகளைப் பார்ப்பது போலவே இருந்தது. சாமந்தி மாலையும் எரிந்து தணிந்த மெழுகும்கூட அப்படியே. மேட்டின் மேலுள்ள மாதா ஆலயத்தின் இன்றைய கட்டடம் 1904-இல் எழுந்தது. 1954-இல் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. அங்குள்ள அன்னையின் சுரூபம் ஒரு காலத்தில் கடலில் கிடந்து மீனவரால் மீட்கப்பட்டதென்று மரபு சொல்கிறது. எங்கள் பனிமய அன்னையின் சுரூபமோ 1555-இல் கப்பலேறி வந்ததென்பது நம் மரபு. மேற்குக் கடலில் ஒருத்தி, கிழக்குக் கடலில் ஒருத்தி என்று இருவரைப் போலத் தோன்றினாலும், அன்னை ஒருத்தியே அல்லவா! கடல் வழியே வந்தவளைக் கடலோர மக்கள் தம் வீட்டுப் பெண்ணாகவே கொள்கின்றனர்.

ஆலயத்தைச் சூழ்ந்த கடைகளில் மெழுகால் செய்த உருவங்களை விற்கின்றனர். கால் நோயுற்றவர் மெழுகுக் காலையும், வீடு வேண்டுவோர் மெழுகு வீட்டையும், மகப்பேறு வேண்டுவோர் மெழுகுக் குழந்தையையும் வாங்கி அன்னைக்குக் காணிக்கையாக்குகின்றனர். நாங்கள் நீண்ட நேரம் அக்கடையின் முன் நின்றோம். எங்களுக்கு வேண்டியதற்கு அங்கே உருவமில்லை. ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் வரத்துக்கு எதை வார்ப்பது? இரண்டு மெழுகுதிரிகளை வாங்கி அருகருகே ஏற்றினோம்.

அன்று மாலை பாந்திரா முனையில், 1640-இல் போர்த்துக்கீசியர் அமைத்த அகுவாதா கோட்டையின் சிதைவுகளுக்கு அருகே அமர்ந்து, கதிரவன் கடலுள் இறங்குவதைக் கண்டோம். எங்கள் கரையில் உதயம் எவ்வளவு விரைவோ, அங்கே மறைவும் அவ்வளவே விரைவு. கண்ணெதிரே தேய்ந்து, ஒரு செம்புள்ளியாகி, இல்லாமற்போயிற்று. இருட்டிய பின்னும் எழுந்திருக்க மனமின்றிப் பேசிக்கொண்டிருந்தோம். இரவுப் பணியில் கணவர் பார்த்த கப்பல்களைப் பற்றியும், பள்ளியில் மனைவி கண்ட பிள்ளைகளைப் பற்றியும், முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்த நாளைப் பற்றியும். அந்த நாளைப் பற்றி நாங்கள் அதற்குமுன் பேசியதில்லை. அன்று ஒருவர் மருத்துவமனையிலும் மற்றவர் கல்லறைத் தோட்டத்திலும் இருந்தோம். மறுவாரம் இருவரும் வேலைக்குத் திரும்பினோம். மற்றவர் அழுதாரா என்பதுகூட எங்களுள் ஒருவருக்கும் தெரியாது. இருவரும் அழுதிருந்தோம்.

மூன்றாம் நாள் விடியுமுன் கொலாபாவிலுள்ள சசூன் துறைக்குச் சென்றோம். 1875-இல் கட்டப்பட்டு அக்காலப் பருத்தி வணிகத்துக்கு உதவிய அத்துறை இன்று மீன் ஏலத்துக்குப் பெயர் பெற்றது. பனிக்கட்டி உடைக்கும் ஓசை, ஏலக்குரல், இறால் உரிக்கும் பெண்கள், ஈரத்தில் வழுக்கும் தரை. கண்ணை மூடிக்கொண்டால் திரேஸ்புரத்தில் வள்ளங்கள் கரை சேரும் வேளைதான். அந்த நெரிசலில் கைபிடித்தபடியே நடந்தோம். மனைவி ஏலத்தொகையைக் கைவிரல் அடையாளங்களிலிருந்தே கணித்துச் சொல்ல, கணவர் வியந்து கேட்டார். ஏலக்காரர் வீட்டுப் பெண் தம் மனைவி என்பதல்ல வியப்பு. இத்திறமை முப்பது ஆண்டுகளாகத் தம் வீட்டிலிருந்ததே என்பதுதான். முத்துக்குளித்த தந்தையார் பின்னாளில் கரையில் மீன் ஏலம் விட்டுப் பிழைத்தவர். மகள் அவர் அருகில் நின்று வளர்ந்தவர்.

ஊர் திரும்பும் வண்டியில் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைப் பற்றிப் பேசினோம். மரியாவும் யோசேப்பும் பன்னிரண்டு வயது இயேசுவோடு பாஸ்கா விழாவுக்கு எருசலேம் செல்கின்றனர். அதுவும் ஒரு பெருநகரம். விழாக் கூட்டம் நிறைந்த நகரம். திரும்பும் வழியில் ஒரு நாள் பயணம் கடந்தபின்னரே பிள்ளை உடன் வரவில்லை என்று தெரிகிறது. அக்காலப் பயணக் கூட்டங்களில் ஆடவரும் பெண்டிரும் தனித்தனிக் குழுக்களாக நடந்திருக்கலாம், ஆகவே பிள்ளை மற்றவரோடு வருகிறான் என்று இருவருமே எண்ணியிருக்கலாம் என்று விளக்கவுரையாளர் சிலர் கூறுவர். மும்பை மின்வண்டியில் ஏறும்வரை அவ்விளக்கம் எங்களுக்கு ஏட்டுச் செய்தியாகவே இருந்தது. இருவர் நேர்மையோடு தத்தம் வழியில் நடந்துகொண்டிருக்கும்போதே, இருவருக்கும் நடுவில் இருக்க வேண்டியவர் காணாமற்போகலாம்.

அதன்பின் அவர்கள் செய்ததே எங்களைத் தொட்டது. ஒருவரை ஒருவர் குறை கூறியதாக நற்செய்தியாளர் எழுதவில்லை. ஒருவர் வீட்டுக்கும் மற்றவர் நகருக்குமாகப் பிரியவுமில்லை. வந்த வழியே இருவரும் சேர்ந்து திரும்புகின்றனர். மூன்றாம் நாளுக்குப்பின் கோவிலில் கண்டடைகின்றனர். அங்கே அன்னை பேசும்போது தம் துயரத்தை மட்டும் சொல்லவில்லை. கணவரையும் சேர்த்து, அவரையே முன்வைத்துப் பேசுகிறார். அந்த மூன்று நாள்களில் எருசலேமின் தெருக்களில் அவ்விருவரும் எத்தனை முறை ஒருவர் கையை மற்றவர் பற்றியிருப்பர்! நற்செய்தி அதைச் சொல்லவில்லை. நாங்கள் எண்ணிப் பார்க்கிறோம்.

இதை வாசிக்கும் தம்பதியருக்கு நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றே. மும்பைக்குத்தான் செல்ல வேண்டுமென்பதில்லை. உங்களை ஒருவரும் அறியாத ஓர் ஊருக்கு, ஒரு திருத்தலத்துக்கு, இருவராக மட்டும் சென்று மூன்று நாள் தங்குங்கள். பிள்ளைகள் வளர்ந்தபின் செல்லலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வழி தெரியாத இடத்தில் ஒருவரையொருவர் கேட்டுத்தான் நடக்க வேண்டியிருக்கும். அவ்வாறு கேட்கத் தொடங்கும்போது, கேட்க வேண்டியவை வேறும் இருக்கின்றன என்பது தெரியவரும்.

ஊர் திரும்பிய மறுவாரம், கல்லறைத் தோட்டத்துக்கு இருவரும் சேர்ந்து சென்றோம். பெயரிடப்படாத அச்சிறு குழியின் இடம் கணவருக்கு மட்டுமே தெரியும். அவர் வழி காட்டினார்.